ஏரிக்கு விட்ட இடம்

செழியா,

தினமும் போனில் "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்கிறாய். நான் "ம்" என்று சொல்லி முடிப்பதற்குள் "சிஸ்டம் எப்படி ஓடுது" என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறாய். இரண்டுக்கும் சேர்த்து இன்று பதில் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று, உன் அப்பா நாளுக்கொரு சமையல்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வருகிறார். இந்தக் களேபரத்தில் அம்மாவுக்குக் கடிதம் எழுத ஏது நேரம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வில்லியனூர் மண்டபத்தில் உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பெண்ணின் அப்பா மரியாதையாக என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "சம்பந்திம்மா பாகூர்ல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கீங்களாமே, நல்லா போவுதுங்களா?" என்று. நான் வாயைத் திறந்தேன். பதில் உன்னிடமிருந்து வந்தது. "கல்யாணத்துக்கப்புறம் அம்மா கடைய மூடிட்டு எங்ககூட பெங்களூரு வந்துடுவாங்க மாமா. இப்பவே நாந்தான் அங்கேருந்து எல்லாத்தையும் பாத்துக்குறேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். உன் பெரியத்தை, "குடுத்து வச்சவடி நீ" என்று என் தோளைத் தட்டினாள். அதற்குள் தாம்பூலத் தட்டு வந்துவிட்டது. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, சிரித்த முகமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அந்தப் போட்டோவை நீ ஸ்டேட்டஸில் வைத்திருந்தாய். அதில் நான் சிரிப்பது எனக்கே பிடிக்கவில்லை.

கடையை மூடுவதாக நான் எப்போது சொன்னேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். சொன்னதே இல்லை. ஆனால் நீ பொய் சொல்பவனும் இல்லை. நான் சொல்ல வேண்டிய அவசியமே உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், என் மேசை மேல் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது.

அதை வாங்கி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஏதோ ஒரு ஆபீஸைக் காலி செய்கிறார்கள், பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கும் என்று நீதான் கேள்விப்பட்டு வந்தாய். நீ அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். டவுன் பஸ்ஸில் மானிட்டரை என் மடியிலும் பெட்டியை உன் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாமா, மடியில கீறது குழந்தையா, டிக்கெட் வாங்கற வயசாயிட்சா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கடைக்கு வந்து ஒயர் எல்லாம் மாட்டி நீ சுவிட்சைப் போட்டதும், இதை யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று திரை கேட்டது. நீ உன் பெயரை அடித்தாய். அப்புறம் எனக்கென்று இன்னொரு சின்னக் கணக்கைத் திறந்து அதற்கு 'அம்மா' என்று பெயர் வைத்தாய். எனக்கு அன்று ஒரே பெருமை. பையன் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்காரன் நீ, குடக்கூலிக்கு இருப்பவள் நான் என்பது போகப் போகத்தான் விளங்கியது. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் உன் பாஸ்வேர்டு வேண்டும்.

நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நாட்களில் உன் வாயில் அதிகம் வந்த வார்த்தை "தள்ளும்மா." நான் மவுஸைப் பிடித்து ஒரு ஜன்னலைத் திறப்பதற்குள் "தள்ளும்மா, நான் பாத்துக்குறேன்." நான் நாற்காலியைத் தள்ளிக்கொள்வேன். உன் விரல் பறக்கும், வேலை முடிந்துவிடும். எப்படி முடிந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது. பெங்களூரு போன பிறகு அங்கிருந்தபடியே என் திரைக்குள் வருவதற்கு ஒரு வழி செய்துகொண்டாய். என் கை மவுஸின் மேல் இருக்கும்போதே அம்புக்குறி தானாக நகரும். முதல் தடவை அலறிவிட்டேன். எதிரே முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்த பெரியவர், "இன்னாமா, பேய் பிட்சிகிச்சா?" என்று எழுந்தே விட்டார். "என் புள்ள தாங்க, பெங்களூர்லேருந்து ஓட்டறான்" என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன், மறுக்கவில்லை. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மெஷினை நான் திட்டுவதாக நினைத்துவிடாதே. உன்னைவிட எனக்கு இதன் குணம் தெரியும். நாள் முழுக்க இதோடு குடித்தனம் நடத்துபவள் நான்தான். புயல் மழையில் கரண்ட் பட்டென்று போய், பாதி அடித்த மனுவெல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தால், மறுநாள் திறந்ததும் "இதை எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமா?" என்று கேட்கும். தப்பாக அழித்தாலும் குப்பைத் தொட்டியில் பத்திரமாக வைத்திருந்து, திருப்பிக் கேட்டால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கும். நம் வீட்டில் அப்படி ஓர் ஆள் கிடையாது. பழைய ஜெராக்ஸ் மெஷின், அதைவிடப் பழைய ஸ்கேனர், யார் யாரோ கொண்டுவரும் பென்டிரைவ் என்று எதைச் சொருகினாலும் முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொள்ளும். எரிச்சலும் குறைவில்லை. கடையில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் அப்டேட் என்று உட்காரும். "அணைத்துவிடாதீர்கள்" என்று ஒரு வட்டம் சுற்றும். வரிசையில் நிற்பவர்கள் அந்த வட்டத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போதே அணைத்துத் திறக்கட்டுமா, பிறகா என்று கேட்கும். பிறகு என்றால் கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியோடு வரும். வேண்டாம் என்று ஒரு பொத்தானை யாரும் வைக்கவில்லை. உன் பெரியத்தையும் இப்படித்தான் கேட்பாள்: "பெங்களூருக்கு இப்பவே போறியா, கல்யாணம் முடிஞ்சி போறியா?"

என் திரையைப் பார்த்து நீ எப்போதும் சிரிப்பாய். "இன்னாம்மா இது, மார்க்கெட் மாதிரி கொட்டி வச்சிருக்கே" என்பாய். அது கொட்டி வைத்ததில்லை, செழியா. எது எங்கே இருக்கிறதென்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. கடல் நமக்குக் கிழக்கே. அதனால் பனித்திட்டுக்காரர்களின் காகிதங்கள் எல்லாம் திரையின் வலது ஓரம். மண்ணாடிப்பட்டிலிருந்து வருகிறவர்கள் இடது பக்கம் மேலே. அதற்குக் கீழே வில்லியனூர். அபிஷேகப்பாக்கம் மேலே நடுவில், நம் பாகூர் அதற்குக் கீழே. ஸ்கேனர் எல்லாக் காகிதத்துக்கும் 'ஸ்கேன்' என்றுதான் பெயர் வைக்கிறது, பின்னால் ஓர் எண் போடுகிறது. எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ஆள் வந்து ஊரைச் சொன்னால் என் கண் நேராக அந்த இடத்துக்குப் போகும். தெருவைச் சொன்னால் அந்த வரிசைக்குப் போகும். நடுவில் கொஞ்ச இடம் காலியாக விட்டிருந்தேனே, "இங்க ஏம்மா ஒன்னும் வைக்கல" என்று ஒருமுறை கேட்டாயே, அது நம் ஏரி. ஏரியில் யார் வீடு கட்டுவார்கள்? அப்போதே சொல்லியிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய் என்று "சும்மாதான்" என்றேன்.

இப்படி இருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை, "மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா, அணைக்காம வூட்டுக்குப் போ, நான் க்ளீன் பண்ணி வைக்கிறேன்" என்றாய். நல்லதுக்குத்தான் சொன்னாய். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து பார்த்தால் திரை வெறிச்சென்று இருந்தது. இடது ஓரத்தில் நாலைந்து மஞ்சள் ஃபோல்டர், அவ்வளவுதான். படம் எல்லாம் ஒரு ஃபோல்டரில், மற்றதெல்லாம் இன்னொன்றில், உள்ளே எல்லாம் பெயர் வரிசையில். ஸ்கேன், ஸ்கேன், ஸ்கேன் என்று முடிவே இல்லாமல் போயிற்று. என் அஞ்சறைப் பெட்டியைக் கொட்டி எழுத்து வரிசையில் அடுக்கி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. குப்பைத் தொட்டியையும் சுத்தமாகக் காலி செய்திருந்தாய். மதியம் போன் செய்து, "எப்டிம்மா, பளிச்சினு இருக்கா?" என்றாய். ஆமாம் என்றேன்.

அந்த வாரமே நித்யா வந்தாள். பனித்திட்டில் படகு வைத்திருப்பவரின் மகள், பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தவள். நான்தான் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தேன். அப்போது அவள் கொண்டுவந்த ஜெராக்ஸை ஏற்றிவிட்டு, பிறகு அசலையும் வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். சாதிச் சான்றிதழ் தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றவும் என்று அவள் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. பார்க்காமல் விட்டுவிட்டாள். அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். சாப்பாட்டு வேளை கழித்து ஓடிவந்து, "யக்கா, உங்ககிட்டதான் நல்ல காப்பி இருக்குதுனு சொன்னீங்களே, அத்த போட்டு வுடுங்கக்கா" என்றாள். என் கண் தானாகத் திரையின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு ஸ்கேனாகப் பார்த்தேன். ஒன்று யாருடைய ரேஷன் கார்டு, ஒன்று யாருடைய நிலப் பட்டா, இன்னொன்று தலைகீழாக ஒரு மார்க் ஷீட்டு. திறந்து மூடி, திறந்து மூடி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதற்கு நடுவே அப்டேட்டுக்கு அணைத்துத் திறக்கட்டுமா என்று அது வேறு வந்து மறைத்தது.

"அசலை எடுத்தாடி, ஸ்கேன் பண்ணிடலாம்" என்றேன். அசல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சாவி அவள் அம்மாவின் இடுப்பில். அம்மா ஓர் இழவுக்குக் காரைக்கால் போயிருக்கிறாள். அப்பா கடலில். அந்தப் பெண், "பூட்ட ஒடச்சிடறேன்கா, அம்மா அடிச்சா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து உரக்கடைப் பையனின் வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தாள். திரும்பி வந்தபோது கையில் சான்றிதழும், கட்டை விரலில் ரத்தமும் இருந்தன. சான்றிதழை ஸ்கேனரில் வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினேன். அந்த ஸ்கேனருக்கான மென்பொருளைத் தேவையில்லாத குப்பை என்று நீ நீக்கியிருக்கிறாய். மறுபடி ஏற்றப் பார்த்தேன். திரை முழுக்க இருண்டு, நடுவில் ஒரு கட்டம் வந்தது. தொடர்வதற்கு உரிமையாளரின் பாஸ்வேர்டு வேண்டும் என்றது. கீழே உன் பெயர்.

உனக்குப் போன் செய்தேன். அடித்து நின்றது. மறுபடி செய்தேன். "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று நீ எல்லாருக்கும் அனுப்பும் அந்தச் செய்தி வந்தது. உன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தேன், ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்த்தேன், உன் அப்பா பெயரையும் போட்டுப் பார்த்தேன். தவறு, தவறு என்றே சொன்னது. என் சொந்தக் கடையில், என் நாற்காலியில், திருடி மாதிரி மகனின் பாஸ்வேர்டை யூகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நித்யா விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள், "யக்கா, இது உங்க கம்ப்யூட்டர் இல்லியா?"

அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். கடைசியில் அவள் போனில் சான்றிதழைப் படம் பிடித்து, ஒயர் போட்டு உள்ளே இழுத்தோம். படம் பெரிதாக இருக்கிறது, ஏற்க முடியாது என்று அந்த இணையதளம் துப்பிவிட்டது. அப்போதுதான் படம் வரையும் அந்தச் சின்ன புரோகிராம் நினைவுக்கு வந்தது. பச்சைப் பிள்ளைகள் கோடு கிழிக்கத்தான் ஆகும் என்று நீ சொல்வாயே, அதுவேதான். அதற்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். அதில் போட்டு ஓரத்தை வெட்டி, அளவைக் குறைத்து ஏற்றினோம். பச்சை டிக் விழுந்தபோது ஐந்தடிக்கச் சற்று நேரம்தான் இருந்தது. நித்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுதது ஒரு காரணத்துக்கு, நான் அழுதது வேறொரு காரணத்துக்கு.

விளக்கு வைக்கும் நேரத்தில் நீ கூப்பிட்டாய். நடந்ததைச் சொல்லி, "அந்த பாஸ்வேர்ட எனக்கும் சொல்லிடுடா" என்றேன். நீ சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. "அது உனக்கு எதுக்கும்மா? எதையாவது தொட்டுக் கெடுத்துப்பே. எதுனா வேணும்னா எனக்கு ஒரு போன் போடு. இந்த டென்ஷனெல்லாம் உனக்குத் தேவையா? இதுக்குத்தான் சொல்றேன், பேசாம கடைய மூடிடு." உன் குரலில் அன்புதான் இருந்தது. அதுதான் என்னை அதிகமாகக் கட்டிப்போட்டது. கத்தினால் திருப்பிக் கத்தலாம், பாசமாகச் சொல்பவனிடம் என்ன செய்வது? அதற்குப் பிறகுதான் வில்லியனூர் மண்டபமும், தாம்பூலத் தட்டும், அந்தப் போட்டோவும்.

பெங்களூரில் உன் வீடு எனக்குத் தெரியும். லிப்டுக்கு ஒரு கார்டு, கேட்டுக்கு ஒரு நம்பர், கதவுக்கு உன் கட்டை விரல். போன முறை நீ ஆபீஸ் போன பிறகு கீழே போய்க் கீரை வாங்கலாம் என்று இறங்கினேன், திரும்பி ஏற முடியவில்லை. வாட்ச்மேன் யார் என்று கேட்டதற்கு உன் பெயரைத்தான் சொன்னேன். நீ வரும்வரை பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சலில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் நான் 'அம்மா' என்கிற சின்னக் கணக்குதான். இங்கே ஒரு கட்டத்துக்குள் அடைத்தது போதாதென்று அங்கே கொண்டுபோய் இன்னொரு கட்டத்தில் வைக்கப் பார்க்கிறாய். மூச்சு முட்டுகிறது, செழியா. இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. இப்போதும் பயந்துகொண்டுதான் அடிக்கிறேன்.

உன் மனைவியாக வரப்போகிறவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்தில் அவள் தன் லேப்டாப்பிலிருந்து ஏதோ படம் போடத் திணறிக்கொண்டிருந்தாள். நீ போய், "தள்ளு, நான் பாக்கறேன்" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டாள். அடுத்த தடவை அப்படிச் செய்யாதே. அவள் இன்னும் கொஞ்ச நேரம் திணறட்டும், பக்கத்தில் உட்கார்ந்திரு. கேட்டால் சொல். அவளும் உனக்குத் தெரியாத ஏதோ ஒரு வரைபடத்தை மனதில் வைத்துத்தான் தன் சாமான்களை வைத்திருப்பாள். கலைந்து கிடப்பது போலத் தெரிந்தால், அடுக்கத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை கேள். என்னிடம் நீ கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, எல்லா ஃபைலையும் வெளியே சொருகும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, இந்த மெஷினை முழுதாக அழித்துப் புதிதாக ஏற்றினேன். எப்படி என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். உன் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "நிறுத்து" என்றால் நிறுத்துவார், "ஓட்டு" என்றால் ஓட்டுவார். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஓரிடத்தில் திரை மொத்தமும் கறுப்பாகிப் போக, "ஏண்டி, மொத்தமா பூட்சா? புள்ளைக்கு போன் போடட்டா?" என்றார். "போட்டீங்கன்னா சோறு கெடையாது" என்றேன். வீடியோவை மறுபடி ஓட்டினார். சாயங்காலம் போல வெளிச்சம் வந்து, இதை யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று அது கேட்டது. கேள்வி அன்றைக்குக் கேட்டதுதான், இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்டது. ஊரில் நான் ஜெராக்ஸ் அக்கா, வீட்டில் செழியன் அம்மா. என் பெயரை நானே அடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அடித்து முடித்ததும் உன் அப்பா எட்டிப் பார்த்து மெல்ல வாசித்தார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

காகிதங்களை மறுபடி ஊர் வாரியாகப் பரப்பிக்கொண்டிருக்கிறேன். பனித்திட்டு முடிந்துவிட்டது, பாகூர் பாதி ஆகியிருக்கிறது. ஏரிக்கு இடம் விட்டுவிட்டேன். இன்று காலை திறந்தபோது "நல்வரவு" என்று போட்டு என் பெயர் வந்தது. வெட்கமாக இருந்தது, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டேன். கடையை நான் மூடப் போவதில்லை. சம்பந்தியிடம் அதை நானே சொல்லிக்கொள்கிறேன், இந்த முறை நீ பக்கத்தில் நின்றாலும் பேசாமல் இரு.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு இரண்டு பேரும் வரும்போது கடைக்கும் வாருங்கள். உனக்கும் இதில் ஒரு கணக்கு திறந்து வைத்திருக்கிறேன், 'மகன்' என்று பெயர். அதில் நீ படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கடிதம் அடிக்கலாம். எதையாவது ஏற்றவோ நீக்கவோ வேண்டுமென்றால் மட்டும் திரை இருண்டு, கட்டம் வந்து, என் பெயரைப் போட்டுப் பாஸ்வேர்டு கேட்கும். யூகித்துப் பார்க்காதே, வராது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், என்னைக் கேள்.

அம்மா